அழகுக் கையேட்டின் முதல் பக்கம்



அழகுக் குறிப்புகளைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். அழகுக் கலையில் எனக்குள்ள புலமை தேங்காய் எண்ணெய், ஒரு சீப்பு, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. ஆயினும், கடந்த பள்ளி விடுமுறையில் என் கைக்கு வந்த பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்று என்னை எழுத வைத்துவிட்டது.

கையேட்டைக் கொண்டு வந்தவர் என் முன்னாள் மாணவி. ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். பெற்றோர் செம்பனைக் காட்டில் உழைத்தவர்கள். இவர் ஐந்தாம் படிவத்திற்குப் பிறகு அழகுக்கலைப் பயிற்சி முடித்து, இன்று பட்டணத்துக் கடைவீடொன்றின் மாடியில் சிறிய ஒப்பனை நிலையம் நடத்துகிறார். தம் வாடிக்கையாளர்கள் கைத்தொலைபேசியில் பதிவிறக்கிப் படிப்பதற்காகத் தமிழிலேயே ஒரு குறுங்கையேட்டைத் தயாரித்து, அதை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்தாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும்.

“சார், எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் குடுங்க சார். சார்கிட்டப் படிச்ச பிள்ளையா இப்படி எழுதுதுன்னு யாரும் கேட்டுறக் கூடாது” என்றார்.

மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். சிவப்பு மையெழுதி எடுத்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாத தொழில் நம்முடையது அல்லவா? கையேட்டில் ‘எலுமிச்சை சாறு’ என்று பல இடங்களில் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒற்றுச் சேர்த்து ‘எலுமிச்சைச் சாறு’ என்று திருத்தினேன். ‘முகத்தை கழுவவும்’ என்பதை ‘முகத்தைக் கழுவவும்’ ஆக்கினேன். ‘பருக்கள் மறையும்’ சரி. ‘கருமை நீங்கும்’ சரி. ஒரே மாலையில் பன்னிரண்டு பக்கங்களையும் முடித்துவிட்டேன்.

மறுநாள் அந்தத் தாள்களை என் துணைவியார் புரட்டிக்கொண்டிருந்தார். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். “எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி, இளவெயிலில் பதினைந்து நிமிடம் உலர விடவும்” என்று அங்கே இருந்தது. நான் ஒற்றுப்போட்டுத் திருத்திய வரி!

“கோயில் திருவிழாவுல பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சோமே, அப்ப என் கையெல்லாம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

மறக்கவில்லை. அன்று கூடை கூடையாகப் பழம் பிழிந்தார்கள். இரண்டு நாளில் புறங்கையும் மணிக்கட்டும் சிவந்து, எரிந்து, சில இடங்களில் கொப்புளித்தன. புண் ஆறிய பிறகும் கரிய திட்டுகள் மறையப் பல வாரங்கள் ஆயின. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். மருத்துவர்கள் நன்கறிந்த தோல் அழற்சி இது. கருமையை நீக்கச் சொன்ன அந்தக் குறிப்பு, உண்மையில் கருமையை உண்டாக்கும் குறிப்பு!

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பிள்ளையின் முகத்தைப் புண்ணாக்கக்கூடிய வரியை எடுத்து, அதற்கு இலக்கணச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். ஒற்றுப்பிழை தெரிந்த கண்ணுக்குப் பொருட்பிழை தெரியவில்லை. பிழையோடு இருந்திருந்தாலாவது படிப்பவர் சற்றுச் சந்தேகப்பட்டிருப்பார். நல்ல தமிழில் அச்சானதும் அதற்கு ஒரு நம்பகத்தன்மை வந்துவிடுகிறது.

அதன்பிறகு கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இம்முறை சிவப்பு மையெழுதியை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

கையேட்டில் இருந்தவை

தலைப்பு: ‘ஏழே நாளில் சிவப்பழகு’. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள். பருவின்மேல் பற்பசை பூசுவது, சமையல் சோடாவால் முகம் தேய்ப்பது, எலுமிச்சையும் வெயிலும், கடலை மாவும் தயிரும், மருதாணி, செம்பருத்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசிப் பக்கத்தில், “விரைவான பலன் வேண்டுவோர் நல்ல இரவுக் கிரீம் பயன்படுத்தலாம்” என்று ஒரே ஒரு வரி.

இவற்றுள் பல குறிப்புகள் தீங்கற்றவை. சில பயனுள்ளவை. ஆனால் தீங்கற்றதும் தீங்கானதும் ஒரே எழுத்தளவில், ஒரே தொனியில், ஒரே வரிசையில் நின்றன. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை கொண்டது. சமையல் சோடாவோ காரம். நாள்தோறும் தேய்த்தால் தோலின் காப்பு குலைந்து வறட்சியும் எரிச்சலும் வரும். பற்பசை பல்லுக்காகச் செய்யப்பட்டது. பருவின்மேல் பூசினால் புண்ணாகலாம். இவற்றைச் செம்பருத்திக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால், படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்க வைத்தது அந்தக் கடைசி வரிதான். ‘நல்ல இரவுக் கிரீம்’ என்றால் எது? யார் செய்தது? அதில் என்ன இருக்கிறது?

ஒரு டப்பாவின் கதை

அந்த வரியைப் படித்ததும் இன்னொரு மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. இடைநிலைப்பள்ளியை முடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். இரவுச் சந்தையில் ஒரு சிறிய டப்பா வாங்கினார். மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும், “என்ன பூசுற?” என்று கேட்டார்களாம். வீட்டில் தாயாருக்கும் பெருமை. கல்யாண வயது அல்லவா! சில மாதங்கள் கழித்து டப்பா தீர்ந்தது. அதே பொருள் மறுபடி கிடைக்கவில்லை. பூசுவதை நிறுத்திய சில நாளில் முகம் முழுவதும் சிவந்து, அரித்து, பருக்கள் கிளம்பின. வெயிலில் நடக்க முடியவில்லை.

மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “என்ன பூசினீர்கள்?” என்பதுதான். தாயார் காலி டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் ஒரு பூவின் படம் இருந்தது. சேர்பொருள் பட்டியல் இல்லை. தயாரிப்பாளர் முகவரி இல்லை. பதிவெண் இல்லை. என்ன பூசினோம் என்பதையே சொல்ல முடியாத நிலையில் அந்தத் தாய் நின்றார்.

அந்த டப்பாவில் இருந்தது என்னவென்று எனக்கும் தெரியாது, ஊகிக்கவும் விரும்பவில்லை. ஆனால் நம் நாட்டுச் சுகாதார அமைச்சு தடைசெய்து அறிவிக்கும் முகப்பூச்சுகளில் மீண்டும் மீண்டும் அகப்படும் பொருள்கள் நான்கு. அவற்றை நாம் பெயர் சொல்லி அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது பாதரசம். மலாயில் ‘ராக்சா’ அல்லது ‘மெர்க்குரி’ என்பார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை இது தடுக்கிறது. அதனால்தான் விரைவாக வெளுக்கிறது. ஆனால் தோல் வழியாக உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். கருவிலுள்ள குழந்தையையும் பாதிக்கும். பூசியவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை, கை வழியாகவும் ஆவியாகவும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது ஹைட்ரோகுவினோன். மருத்துவர் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டிய மருந்து. கண்டபடி நெடுநாள் பூசினால், வெளுக்க வேண்டிய தோலே நீலங்கலந்த கருமையாய்ப் படிந்துவிடும். அந்தக் கறையை நீக்குவது மிகக் கடினம்.

மூன்றாவது டிரெட்டினோயின். இதுவும் மருந்துதான். தோல் உரிந்து சிவக்கும், வெயில் தாங்காது. கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டியது.

நான்காவது பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. பூசியவுடன் முகம் பளபளக்கும்; பருவும் சிவப்பும் அடங்கும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து உள்ளிருக்கும் நுண்குழாய்கள் வெளியே தெரியும். நிறுத்தினால் அடங்கியிருந்தது எல்லாம் இரட்டிப்பாகக் கிளம்பும். மறுபடியும் அதையே பூசத் தூண்டும் கொடுமை இது.

“கிரீமால் சிறுநீரகம் கெடுமா?” என்று சிலர் நம்ப மறுக்கிறார்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள், 2021 சூலை முதல் 2023 செப்தம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் கசியும் நோய் அது, கால் வீங்கும். அந்த 22 பேரில் 15 பேருக்கு, அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள்! நல்ல வேளையாக, பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர்க்கு நோய் தணிந்தது. ஆய்வு 2024இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

சட்டம் இருக்கிறது, தமிழில் சொல்வார் இல்லை

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆசியான் நாடுகள் 2003இல் ஒப்பனைப் பொருள்களுக்கான பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன்படி 2008ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் விற்கப்படும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்கப்பட்டு எண் பெற்றிருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் என், ஓ, டி எனத் தொடங்கி, கே என முடியும் எண் அது. விதியை மீறி விற்பவர் தனியாள் என்றால், முதற்குற்றத்திற்கு 25,000 வெள்ளி வரை தண்டம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிறுவனம் என்றால் 50,000 வெள்ளி வரை தண்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண் இருப்பதனாலேயே அரசு அந்தப் பொருளைச் சோதித்து நற்சான்று கொடுத்துவிட்டது என்று பொருளில்லை. நிறுவனம் தானே உறுதிகூறிப் பெறும் எண் அது. பொருள் சந்தைக்கு வந்த பிறகுதான் அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். தவறு கண்டால் எண்ணை இரத்துச் செய்கிறார்கள். ஆகவே எண் இல்லாவிட்டால் வாங்கவே கூடாது. எண் இருந்தால், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று அப்பிரிவின் தேடுபக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்தச் செய்தியெல்லாம் எங்கே இருக்கிறது? அமைச்சின் அறிக்கைகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பொருளின் மேலுறையும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஆனால், “ஏழே நாளில் சிவப்பழகு” என்னும் ஆசை வார்த்தை எந்த மொழியில் வருகிறது? தமிழில் வருகிறது! புலனக் குழுக்களில், காணொளிகளில், பக்கத்து வீட்டு அக்காவின் வாய்மொழியில், நம் தாய்மொழியிலேயே வருகிறது. விற்பனை தமிழில், எச்சரிக்கை பிறமொழியில். இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் வீட்டில் முடிவெடுப்பவர் தாயாரும் பாட்டியுமாக இருக்கிறார்கள். மாச்சாப், பெம்பான், மெர்லிமாவ், அசகான் என்று எந்தத் தோட்டப்புறத்தில் பிறந்த பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழி பெரும்பாலும் தமிழ்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தந்த தமிழ். அவர்களுக்கு எட்டும் எச்சரிக்கை தமிழில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். தமிழில் வரும் ஓர் அழகுக் கையேட்டுக்கு முதற்கடமை அழகு சேர்ப்பது அன்று. எதைப் பூசக்கூடாது என்று சொல்வது. அது கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பாக அல்லாமல் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எதை விட்டால் யாருக்கும் கேடில்லை, எதை விட்டால் ஒருவரின் உடல் கெடும் என்று பார்த்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும்.

படிப்பவர் யார்?

கையேட்டை எழுதியவர் தோட்டத்துப் பிள்ளை. ஆனால் கையேட்டில் தோட்டமே இல்லை! ‘வெளியே செல்லும்போது குடை பிடிக்கவும்’ என்று ஒரு குறிப்பு. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண் எந்தக் கையால் குடை பிடிப்பார்?

நம் பாட்டிமார்கள் நீளக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்துதான் வேலைக்காட்டுக்குப் போனார்கள். கொசுவுக்கும் பால் கறைக்கும் மட்டும் அல்லாமல் வெயிலுக்கும் அதுவே காப்பு. மலாக்கா நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் கடும் வெயில். இன்றைய தோல் மருத்துவரும் முதலில் நிழல், நீளக்கைச் சட்டை, தொப்பி என்றுதான் சொல்கிறார். வெயில் தடுப்புப் பூச்சு அவற்றுக்குத் துணையாக வருகிறது. பாட்டியின் தலைத்துண்டை ஏன் நாம் அழகுக் குறிப்பாக எழுதுவதில்லை?

இன்னொன்று. ‘நகம் மஞ்சளாக இருந்தால் எலுமிச்சைத் தோலால் தேய்க்கவும்’ என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் நம் பெண்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி கையில் பட்டுப் பட்டு நகம் நிறம் மாறும், பிளந்து விழும். மலேசிய அரசு 2002இல் அதற்குத் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, இறுதியாக 2020 சனவரி முதல் நாள் தொட்டு முற்றாகத் தடைசெய்தது. அந்த நகங்களுக்கு எலுமிச்சைத் தோல் என்ன செய்யும்? இன்றும் மருந்தடிப்பவரோ துப்புரவுப் பணியில் இரசாயனம் தொடுபவரோ நகத்தில் மாற்றம் கண்டால், தேய்க்காமல் கையுறையைப் பார்க்க வேண்டும். மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிப்பவரின் வேலை என்னவென்று நினைத்துப் பார்க்காமல் எழுதும் குறிப்பு அவருக்கு உதவாது.

‘சிவப்பு’ என்னும் சொல்

தமிழாசிரியன் என்ற முறையில் தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். வெளுப்பைச் ‘சிவப்பு’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் எப்படியோ வேரூன்றிவிட்டது. ‘நிறம் கம்மி’ என்கிறோம். நிறம் என்ன, அளந்து கொடுக்கும் அரிசியா?

நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான அழகு நிறத்திற்குப் பெயர் ‘மாமை’. மாந்தளிர் போன்ற நிறம் அது. காதலனைப் பிரிந்து வாடும்போது அந்த நிறம் கெட்டு மேனி வெளிறுவதற்குப் பெயர் ‘பசலை’. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பசப்புத் துன்பத்தைப் பற்றியதே. நம் இலக்கியத்தில் மேனி வெளிறுவது நோயின் அடையாளம். இழந்த நிறம் திரும்புவதே நலம். இன்று நாம் பசலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

உலகமும் கொஞ்சம் விழித்திருக்கிறது. ‘கறுப்பே அழகு’ என்னும் பொருள்பட 2009இல் சென்னையில் ஓர் இயக்கம் தொடங்கியது. 1975 முதல் இந்தியாவில் விற்பனையான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் புகழ்பெற்ற கிரீம், 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்னும் சொல்லையே நீக்கிக்கொண்டது. பன்னாட்டு நிறுவனமே கைவிட்ட சொல்லை, ஜாசினில் ஒரு மாடிக் கடையில் நாம் ஏன் தலைப்பாக்கிக்கொள்ள வேண்டும்?

மாணவியின் மறுப்பு

இவற்றையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதை மறைக்காமல் இங்கே எழுதுவதுதான் நேர்மை.

“சார் சொல்றது எல்லாம் சரி சார். ஆனா என் கடைக்கு வர்றவங்க பத்துப் பேருல எட்டுப் பேரு கலர் ஆகணும்னுதான் வர்றாங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க கறுப்புன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்கன்னு அழுதுக்கிட்டே வர்றாங்க. அவங்ககிட்டப் போயி மாமை, பசலைன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார். நான் வாடகை கட்டணுமே?”

நியாயமான கேள்வி. அந்தப் பெண்களின் அழுகை பொய்யன்று. கையேட்டை மாற்றினால் மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு மாறிவிடாது என்பதும் உண்மை. அறிவுரையை மட்டும் அச்சடித்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆனால் நான் கேட்டது அழகுக் குறிப்பே வேண்டாம் என்று அன்று. நல்ல குறிப்புகள் அப்படியே இருக்கட்டும். செம்பருத்தியும் தேங்காய் எண்ணெயும் இருக்கட்டும். அரிசியை ஊற வைத்து, நீரை மாற்றி மாற்றிப் புளிக்கவிட்டு, அரைத்து, முத்து முத்தாய் உலர்த்தும் ‘பெடாக் செஜுக்’ நம் வீட்டுப் பெண்களும் மலாய்க்காரப் பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டது, அதையும் சேர்க்கலாம். மருதாணி இலை இருக்கட்டும். ஆனால் கன்னங்கரேல் என்று உடனே பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைச்சாய இரசாயனம் கலந்திருக்கலாம், கொப்புளிக்கும் என்று பக்கத்திலேயே எழுதட்டும்.

இயற்கை என்றால் எல்லாம் நல்லது, தொழிற்சாலையில் செய்தது எல்லாம் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. எலுமிச்சை இயற்கைதான், என் துணைவியாரின் கையைக் கேளுங்கள். வெயில் தடுப்புப் பூச்சு தொழிற்சாலையில் செய்ததுதான், தோலைக் காக்கிறது.

வாடகைக்கும் ஒரு விடை சொன்னேன். முகம் கெட்டுப்போன வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், தோழிகளையும் வரவிடமாட்டார். “இந்தப் பிள்ளை டப்பாவைத் திருப்பிப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லும்” என்று ஊரில் பேர் எடுத்தால் அதுவே பெரிய விளம்பரம்.

திருத்திய கையேடு எப்படி இருக்கலாம்?

இருவரும் உட்கார்ந்து ஒரு வரைவு போட்டோம். இதுபோன்ற கையேடு தயாரிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

1. முதல் பக்கம்: ‘வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்’. பதிவெண், சேர்பொருள் பட்டியல், தயாரிப்பாளர் பெயர், காலாவதி நாள் இருக்கிறதா? இல்லையேல் வாங்காதீர்கள்.

2. இரண்டாம் பக்கம்: மேலே சொன்ன நான்கு பொருள்களின் பெயர்கள். மேலுறையில் எப்படி அச்சாகியிருக்குமோ அப்படியே மலாயிலும் ஆங்கிலத்திலும், பக்கத்தில் தமிழிலும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடவே ஓர் அடையாளம்: ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்று உறையில் இருந்தால் அதில் பாதரசம் இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நகைக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

3. மூன்றாம் பக்கம்: வெயில். வேலைக்காட்டுக்குப் போகிறவருக்கு, மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு, பள்ளித் திடலில் நிற்கிற பிள்ளைக்கு எனத் தனித்தனியே.

4. அடுத்த ஐந்து பக்கங்கள்: நல்ல குறிப்புகள் பதினைந்து. நாற்பது வேண்டாம். ஒவ்வொன்றிலும் அளவு, நேரம், யார் தவிர்க்க வேண்டும் ஆகியவை இருக்கட்டும். புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்திற்கு.

5. அடுத்த பக்கம்: ‘இவற்றைச் செய்யாதீர்கள்’. எலுமிச்சையும் வெயிலும், சமையல் சோடா, பற்பசை, கறுப்பு மருதாணி. ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் காரணம்.

6. கடைசிப் பக்கம்: ஏற்கெனவே பூசி, இப்போது முகம் சிவந்தால் என்ன செய்வது? டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். அதையே எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். வெட்கப்படாமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மொத்தம் பத்துப் பக்கம். இருந்ததைவிட இரண்டு பக்கம் குறைவு!

தலைப்பில்தான் இன்னும் இழுபறி. ‘உங்கள் நிறம், உங்கள் நலம்’ என்று நான் சொன்னேன். “அது பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கு சார்” என்று சிரித்தார். ‘ஏழே நாளில்’ என்பதை மட்டும் எடுத்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘சிவப்பழகு’ இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. நான் விடுவதாக இல்லை; அவரும் என் மாணவி, எளிதில் விடமாட்டார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் நம்மிடம் படித்த பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கிறார்கள், பொருள் விற்கிறார்கள், தமிழில் எழுதுகிறார்கள். “பிழை பார்த்துக் கொடுங்கள்” என்று ஒருநாள் உங்களிடமும் வருவார்கள். ஒற்றுப்பிழையைப் பாருங்கள்; அதற்கு முன்னால் பொருளைப் பாருங்கள். தெரியாததை மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுச் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவே மகளின் மேசையில் இருக்கும் டப்பாக்களை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். திட்ட வேண்டாம், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். பெயரும் எண்ணும் இல்லாத டப்பா ஒன்று இருந்தால், அதைத் தனியே எடுத்து வையுங்கள்.